விரதத்தன்று போட்ட ஊசி

1965 ஆடியில், திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் புதுப் பலகை ஏறியது: டாக்டர் வள்ளிக்கண்ணு, எம்.டி., சர்க்கரை வியாதி, ஹார்மோன் கோளாறு. ஆடி மாதத்தில் புதுத் தொழில் தொடங்குவார் உண்டா? பக்கத்துப் பாத்திரக்கடை முகம்மது கனி நல்ல மனுஷர். மனசு கேட்காமல் உள்ளே வந்தே சொல்லிவிட்டார்.

"இன்னும் பதினஞ்சு நாள் பொறுத்து ஆவணியில திறங்களேம்மா. நானே ஆடியில ஒரு அலமாரி வாங்க மாட்டேன்."

"நல்ல நாள் எனக்கு வேண்டாம் பாய். எதிர் வாசல் தெரிஞ்சா போதும்" என்றாள் வள்ளிக்கண்ணு.

எதிர் வாசல் டாக்டர் தர்மராஜுடைய ஆஸ்பத்திரி. ஜில்லா முழுக்க சர்க்கரை என்றால் தர்மராஜ், தர்மராஜ் என்றால் சர்க்கரை என்று பேர் வாங்கியவர். காலையில் அவர் கார் வந்து நின்றால் தெருவில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள். வள்ளிக்கண்ணு கண் எரியப் படித்ததும், சென்னையில் பத்து வருஷம் கிடந்ததும், வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வாசலோடு அனுப்பியதும் இந்த ஒரு வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரத்தான். அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் முன்னால், உன் அப்பனை நான்தான் கொன்றேன் என்று சொல்ல வேண்டும். அதில் அரைக்கால் குறைந்தாலும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நடந்தது இதுதான். அவள் அப்பா அடைக்கலத்துக்குத் தொட்டியத்தில் வாழைக்கொல்லை. தார் தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு, 1952-இல் கண்ணெதிரே உருகிப் போனது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கொல்லைப்பக்கம் போனார். தர்மராஜிடம் காட்டினார்கள். அவர் இன்சுலின் எழுதிக் கொடுத்து இரண்டே கட்டளை போட்டார். ஊசியை ஒரு நாள்கூட விடக்கூடாது. வெல்லம், சர்க்கரை நாக்கில் படக்கூடாது. அவ்வளவுதான் பேச்சு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிப் புது மண்பானைக்குள் வைத்தார்கள். அந்த வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவள் பதினாறு வயசு வள்ளிக்கண்ணு ஒருத்திதான். அதனால் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைப்பதும் கோடு பார்த்து மருந்தை இழுப்பதும் அவள் வேலை ஆயிற்று. தினம் காலையில் அப்பா கையை நீட்டுவார். "எம்பொண்ணு போட்டா எறும்பு கடிச்சாப்பல கூட இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஊசி தொடங்கி ஒரு மாதம் ஆனபோது 1953 மாசிக் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்குச் சமயபுரத்தாள் தன் மக்களுக்காகப் பச்சைப் பட்டினி தொடங்குவாள். இருபத்தெட்டு நாள் அவளுக்குச் சோற்றுத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம், இவ்வளவுதான் நைவேத்தியம். ஆத்தா பட்டினி கிடக்கும்போது நாம் எப்படிச் சோறு தின்பது என்று அவளோடு சேர்ந்து விரதம் இருக்கிற குடும்பங்கள் ஜில்லாவில் ஆயிரம் உண்டு. அடைக்கலமும் அப்படித்தான். பிள்ளை இல்லாமல் இருந்து, விரதமிருந்து பெற்ற பெண் வள்ளிக்கண்ணு. நேர்ந்துகொண்டதை விடுவாரா?

விரதம் உண்டா என்று டாக்டர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் யாராவது சாமி விஷயம் பேசுவார்களா? ஆத்தா பானகம் குடிக்கச் சொன்னாள், அதில் வெல்லம் இருக்கிறதென்று டாக்டர் சொல்லுக்காக விட்டார். டாக்டர் ஊசியை விடாதே என்றார், விடவில்லை. சோறு விரதத்தோடு போயிற்று. துள்ளுமாவிலும் வெல்லம், அதுவும் போயிற்று. பாவி மனுஷர் இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல், ஊசியும் நீர்மோருமாக மூன்று நாள் ஓட்டினார்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. கை கால் வெடவெடவென்று ஆடிற்று. சம்பந்தமில்லாமல் பேசினார், சிரித்தார், யாரையோ அதட்டினார். "அருள் வந்துருச்சுடி, வேப்பிலை கொண்டா" என்று கூட்டம் கூடிவிட்டது. மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள், உடுக்கை அடித்தார்கள், சிலர் காலில் விழுந்து குறி கேட்டார்கள். அவர் பெண்சாதி வீரம்மாளுக்கு மட்டும் அது அருளாகத் தெரியவில்லை. ஒரு தம்ளர் பானகத்தைக் கலக்கி வாயில் வைத்தாள். அவர் தட்டிவிட்டார்.

"டாக்டர் கூடாதுன்னிருக்காரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று மகளும் தடுத்தாள்.

சற்று நேரத்தில் அடைக்கலம் சாய்ந்தார். வாழைத்தார் ஏற்ற வந்த லாரியில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி வியர்வை. தர்மராஜ் அறை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். கையைத் தொடவில்லை, கண்ணிமையைத் தூக்கிப் பார்க்கவில்லை. "சர்க்கரை ஏறி கோமா. அறுபது யூனிட் போடு" என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்தவர் வீரம்மாளையும் வள்ளிக்கண்ணுவையும் பார்த்துச் சொன்ன ஆறுதலைக் கேளுங்கள். "விரதமா இருந்தான்? உங்க மாதிரி ஜனங்ககிட்ட இன்சுலினைக் கொடுக்கிறது குரங்கு கையில பூமாலை கொடுத்த கதைதான்."

அந்தச் சொல் வள்ளிக்கண்ணு நெஞ்சில் முள்ளாக இறங்கியது. இந்த ஆள் முன்னால் ஒருநாள் டாக்டராக வந்து நிற்பேன் என்று அப்பாவைக் கிடத்தியிருந்த லாரியிலேயே முடிவு செய்தாள்.

ஊருக்குப் போனால் அங்கே வேறு கூத்து. அடைக்கலத்தின் அண்ணன் பிச்சமுத்து, பிணம் எடுக்குமுன்பே ஆரம்பித்தார். ஆத்தா விரதத்தில் இருந்தவன் செத்தான் என்றால் விரதத்தில் குற்றம் இருக்கிறது, வீரம்மாள் தீட்டோடு வீட்டுக்குள் புழங்கியிருக்கிறாள் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது போல, புருஷனை இழந்தவள் மேல் எதைச் சொன்னாலும் ஒட்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீரம்மாளை ஜீயபுரத்தில் அவள் பிறந்தவீட்டுக்குத் துரத்திவிட்டு, வாழைக்கொல்லையைப் பிச்சமுத்து வைத்துக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால் வள்ளிக்கண்ணுவும் அதை நம்பினாள். ஆமாம், நம்பினாள். பானைக்குள் பாட்டில் வைத்து, கோடு பார்த்து ஊசி போட்ட பெண், அப்பா செத்தது அம்மா தீட்டால்தான் என்று நம்பினாள். ஜீயபுரத்தில் அம்மா கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை, மாமன் பெண்சாதி போட்டால்தான் தின்பாள். பிறகு திருச்சியில் இண்டர்மீடியட், ஹாஸ்டல். 1955-இல் உபகாரச் சம்பளத்தில் சென்னை மெடிக்கல் காலேஜ். வீரம்மாள் வாழை இலை அறுத்துக் கட்டு கட்டாகப் போட்டுப் பிழைத்துக்கொண்டு, மகள் ரயில் ஏறும்போதெல்லாம் ஜீயபுரம் ஸ்டேஷனில் வந்து நிற்பாள். மகள் தலையசைப்பாள், பேச மாட்டாள்.

1958-இல் ஒரு மத்தியானம் வார்டில் ஒரு கைவண்டிக்காரர் மயங்கிக் கிடந்தார். நனைந்த சட்டை. "தொட்டுப் பாருங்க. சர்க்கரை ஏறின கோமான்னா தோலும் நாக்கும் வறண்டு கிடக்கும். இப்படி ஊத்துதுன்னா இன்சுலின் மிஞ்சி சர்க்கரை இறங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே டியூட்டி டாக்டர் நரம்பில் குளுக்கோஸை ஏற்றினார். ஊசியை உருவுமுன் கைவண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்து, என் செருப்பு எங்கே என்று கேட்டார்.

வள்ளிக்கண்ணு அந்தக் குளுக்கோஸ் சிரிஞ்சையே பார்த்தாள். வெறும் சர்க்கரைத் தண்ணீர். அம்மா நீட்டிய அந்தத் தம்ளர் போதுமாயிருந்தது. அப்பாவை ஒரு விரல் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கே அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அப்பாவைக் கொன்றது டாக்டர் தர்மராஜ், அவனை நான் விடமாட்டேன் என்று மூன்று பக்கம். தன்னைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஜீயபுரம் போஸ்ட்மேன் வாசித்துக் காட்ட, வீரம்மாள் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா எழுதியிருக்கா?" என்றாளாம்.

பிறகு அவள் படித்த படிப்பு படிப்பா, வெறி. எம்.டி. முடித்து, சர்க்கரை வியாதிக்கென்றே தனியாக நடந்த பிரிவில் சேர்ந்தாள். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினால் சர்க்கரைக்குத் தக்கபடி பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறும். மற்றவர்கள் கம்பவுண்டரை விட்டுச் செய்ததை அவள் தானே நாளைக்கு அறுபது குழாய் காய்ச்சினாள். தைராய்டு என்கிற கழுத்துச் சுரப்பி வற்றிப்போய் ஊதிக் கிடந்த பெண்களைப் பார்த்தாள். சோம்பேறி, தூங்குமூஞ்சி என்று மாமியார் திட்டிக் கொண்டுவந்துவிட்ட பெண்ணுக்கு மாத்திரை கொடுத்து, மூன்று மாதத்தில் அவள் துள்ளி நடக்கும்போது மாமியாரைக் கூப்பிட்டு, "இப்ப திட்டுங்க பாக்கலாம்" என்பாள். வீண்பழி சுமக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஒரு தனி ஆவேசம்.

அந்த ஆவேசத்தோடுதான் தெப்பக்குளத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் அறையில் சாமி படம் கிடையாது. ஸ்ரீரங்கம் கோயில் பஞ்சாங்கம், சமயபுரம் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் நோன்பு அட்டவணை, மாதாகோயில் தவக்கால நாள்கள் என்று சுவர் முழுக்க விரதம் தொங்கியது. வந்தவர் கையை முதலில் பிடித்துக்கொள்வாள். பேர் கேட்குமுன், "அடுத்த விரதம் என்னிக்கு?" என்பாள்.

எதிர் வாசல் ஆள்கள் ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி அம்மாள் வந்தாள். வைகுண்ட ஏகாதசியன்று கூட்டத்தில் விழுந்து, பக்திப் பரவசம் என்று எல்லாரும் சேவித்துவிட்டுப் போனார்களாம்.

"ஏகாதசிக்கு ஜலம்கூட வாயில விட மாட்டேன். ஊசி மட்டும் பெருமாள் தீர்த்தம் மாதிரி தவறாம போட்டுண்டுடுவேன்" என்றாள்.

"ஏகாதசிக்கு ஊசி பாதிதான். பாலும் பழமும் உண்டு. முடியாதுன்னா பெருமாளே வைத்தியம் பாக்கட்டும், இங்க வராதீங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. ரங்கநாயகி அம்மாள் முறைத்தாள், ஆனால் மறுமாதமும் வந்தாள். பாலக்கரை அப்துல் ரஹீமுக்கு ஊசியை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றிக் கொடுத்தாள். தர்மராஜ் வைத்தியத்தில் இருந்து விரத நாளில் விழுந்தவர்கள் ஒன்றரை வருஷத்தில் பதினோரு பேர். ஒவ்வொருவரையும் தேதி போட்டு எழுதி வைத்தாள். எழுதும்போது அவளுக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும்.

1967 மாசி. டாக்டர்கள் சங்கத்தின் மாதக் கூட்டம், கண்டோன்மெண்டில் ஒரு ஹாலில். தலைவர் நாற்காலியில் தர்மராஜ். விரதமும் இன்சுலினும் என்று வள்ளிக்கண்ணு பேச எழுந்தாள். கடைசி வரிசையில் வீரம்மாளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள். பேச்செல்லாம் இங்கிலீஷ். வீரம்மாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்துநாலு வயது விவசாயி. இன்சுலின் எடுப்பவர். மூன்று நாள் பட்டினி. மயக்கம், சட்டை நனைந்த வியர்வை. தலைவர் என்ன செய்வார்?" என்று கேட்டாள்.

தர்மராஜ் சிரித்தார். "குளுக்கோஸ். மாணவனுக்குக்கூடத் தெரியும்."

"1953-இல் ஒரு டாக்டர் வாசலில் நின்றபடி, நோயாளியைத் தொடாமல், அறுபது யூனிட் இன்சுலின் போடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் நோயாளி இறந்தார். நோயாளி என் தகப்பனார். டாக்டர் நீங்கள்."

தர்மராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்தார். அப்புறம் பேசினார் பாருங்கள், அப்படி ஒரு இங்கிலீஷ். அந்நாளில் நம் அறிவு குறைவு, தவறுகளின் மேல்தான் மருத்துவம் வளர்கிறது, அந்தத் துயரத்தை நான் ஏற்கிறேன், இந்தத் துணிச்சலான இளம் சகாவை வணங்குகிறேன் என்று ஏற்ற இறக்கத்தோடு முடித்தார். கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர், எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோனார். பதினாலு வருஷம் காத்துப் பிடித்த பழி, அந்த ஆள் தோளில் மாலையாக விழுந்துவிட்டது.

வள்ளிக்கண்ணுவுக்கு ரத்தம் கொதித்தது. மேஜையை அறைந்தாள். தமிழில் பேசினாள்.

"கைதட்டை நிறுத்துங்க. சார், கடைசி நாற்காலியில எங்கம்மா உக்காந்திருக்காங்க. நீங்க பேசினதுல ஒரு எழுத்து அவங்களுக்குப் புரியல. கீழ இறங்கிப் போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

அவ்வளவு நீள ஹாலை தர்மராஜ் நடந்து கடந்தார். வீரம்மாள் முன்னால் வந்து நின்றார். இங்கிலீஷில் அத்தனை அழகாக வந்தது தமிழில் வரவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்கு நான் தப்பா ஊசி போடச் சொல்லிட்டேன். தொட்டுக்கூடப் பாக்கல. சர்க்கரைத் தண்ணி கொடுத்திருந்தா பொழச்சிருப்பார். எம்மேலதான் தப்பு."

வீரம்மாள் அழவில்லை. கையும் கூப்பவில்லை.

"இங்க என்னை யாருய்யா கொறை சொன்னா? தொட்டியத்துல வந்து சொல்லுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு தொட்டியம் போகத் தர்மராஜ் வந்தார். வராமல் போயிருந்தால் வள்ளிக்கண்ணு அவரைத் திருச்சியில் நடமாட விட்டிருக்க மாட்டாள், அது அவருக்கும் தெரியும். காரில் ஏறச் சொன்னார். வீரம்மாள் மாட்டேன் என்றுவிட்டு மகளோடு பஸ்ஸில் போனாள். பிச்சமுத்து வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. கோட்டுப் போட்ட டாக்டர் வெயிலில் நின்று, ஹாலில் சொன்னதையே சொன்னார். ஊசியால் செத்தார், விரதத்தால் இல்லை, தீட்டாலும் இல்லை. பக்கத்தில் வள்ளிக்கண்ணு நிமிர்ந்து நின்று, அவர் குரல் தாழ்ந்தபோதெல்லாம், "சத்தமா" என்றாள். அந்த ஒரு சொல்லை வாயில் போட்டுச் சுவைத்தாள் என்றே சொல்ல வேண்டும்.

பிச்சமுத்துவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "தெரியாம சொல்லிப்புட்டேன் வீரம்மா. மன்னிச்சுக்க."

"டாக்டரு தெரியாம செஞ்சாரு. நீங்க தெரிஞ்சு சொன்னீங்க பெரிய மச்சான்" என்றாள் வீரம்மாள். குரல் உயரவில்லை. "நான் தலைக்குக் குளிச்சு அன்னிக்குப் பத்து நாள். மயிலம்மா அக்காதான் வாய்க்கால்ல கூட நின்னு குளிச்சா. கேளுங்க உங்க பொண்டாட்டிய."

பிச்சமுத்துவின் பெண்சாதி மயிலம்மாள் கதவோரம் நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

"உங்களை நான் மன்னிக்கல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் வீரம்மாள்.

வள்ளிக்கண்ணு அம்மா தோளைப் பிடித்தாள். பதினாலு வருஷம் கழித்து அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "போதுமாம்மா? எல்லாரையும் சொல்ல வச்சுட்டேன்."

வீரம்மாள் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"எல்லாருமா?" என்றாள். "தினம் ஊசி போட்டது நீ. அன்னிக்குக் காலையிலயும் நீதான் போட்டே. அதுக்கு உன்னை ஒருநாள் ஒரு சொல் சொல்லியிருப்பேனா? ஊர்ல ஒருத்தரையும் உன்னைச் சொல்லவிடல. சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். ஆனா உன் பெரியப்பன் சொன்ன தீட்டை நீயும் நம்பினியே வள்ளி. அஞ்சு வருஷம் என் கையால சோறு வாங்கலியே. அப்புறம் உண்மை தெரிஞ்சு மூணு பக்கம் எழுதினே. அதுல உன்னைப் பத்தி எங்க இருந்துச்சு?"

தெரு முழுக்க அவளைப் பார்த்தது. தர்மராஜும் பார்த்தார்.

"எம்பக்கத்துல நிக்காதே" என்றாள் வீரம்மாள். "அங்க போய் நில்லு."

வாசலில் டாக்டரும் பிச்சமுத்துவும் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். வள்ளிக்கண்ணு நடந்து போய் அந்த இருவருக்கும் நடுவில் நின்றாள். அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். சொல்லத் தொடங்கினாள், குரல் எழும்பவில்லை.

"சத்தமா" என்றாள் வீரம்மாள்.